அல்பெரோபெல்லோவில் இவர் மொழிபெயர்த்த கேள்வி

1

எங்கள் முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் அபிரா இரண்டு விமானச் சீட்டுகளும் ஒரு வீட்டின் படமும் அனுப்பினாள். வீட்டுக்கு வெள்ளைச் சுவர். கூரை மட்டும் சாம்பல் நிறக் கற்களை வட்டம் வட்டமாக அடுக்கி, குவித்த நெல்லைப் போல உச்சியில் கூராக முடிந்திருந்தது. இத்தாலியின் தெற்கே அல்பெரோபெல்லோ என்ற பழைய ஊராம். ஊர் முழுக்க வீடுகள் இப்படித்தானாம். ட்ரூல்லோ என்று பெயராம்.

“இதுக்குள்ளை ஆர் இருக்கினம்?” என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர். பெயரைச் சொல்லும் பழக்கம் எனக்கு வரவில்லை, இனிமேல் வரவும் போவதில்லை.

“ஒருத்தரும் இல்லை அப்பா. வாடகைக்கு விடுற வீடு. நீங்களும் அம்மாவும் மூண்டு நாள் ஃபேரியே போட்டு வாங்கோ.” ஃபேரியே என்றால் விடுமுறை. அபிராவின் தமிழில் அம்மா, அப்பா, சாப்பாடு தவிர மற்றதெல்லாம் மெல்ல மெல்ல நோர்வேஜிய மொழிக்குக் குடிபோய்க் கொண்டிருக்கிறது.

“அந்த ஊரிலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?”

“இல்லை. அதுக்குத்தான் அனுப்புறன்.”

பிள்ளை சொன்னதில் பிழையில்லை. முப்பது வருடத்தில் நாங்கள் பாரிஸ் போயிருக்கிறோம், லண்டன் போயிருக்கிறோம், டொரொன்டோவுக்கும் போயிருக்கிறோம். பாரிஸில் நான் கண்டது இவருடைய தங்கச்சி வீட்டுக் குசினியும் அடுப்பும். லண்டனில் என் அண்ணா வீட்டுக் குசினி. ஊர் பார்க்கப் போகிறோம் என்று நாங்கள் சொன்னால், ஆள் பார்க்கப் போகிறோம் என்று அர்த்தம். பெட்டியில் பாதி அவர்களுக்கான பலகாரமாக இருக்கும். வரும்போது அந்தப் பாதியில் அவர்கள் தந்த பலகாரம் இருக்கும்.

இந்தத் தடவை யாரும் இல்லை என்று தெரிந்தும் பயணத்துக்கு முதல் சனிக்கிழமை நான் ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற குறொன்லாண்டுக்குப் போய் முறுக்கு, மிக்சர், எள்ளுருண்டை எல்லாம் வாங்கி வந்தேன். “ஆருக்கு?” என்று இவர் கேட்டார். “ஆருக்கெண்டாலும்” என்றேன். பெட்டியை வெறுமையாகப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. சின்ன ரைஸ் குக்கரும் வைத்தேன். அதைப் பற்றி இவர் ஒன்றும் கேட்கவில்லை.

2

இந்தப் பயணத்தில் மூன்றாவது ஆளாக, வீடு கட்டுகிற மேசன் தவமும் வந்தார். விமானத்தில் வரவில்லை, வட்ஸ்அப்பில் வந்தார்.

விஷயம் இதுதான். இலங்கையில், கொக்குவிலில் இவருக்கு அவருடைய அப்பா எழுதிக் கொடுத்த காணி ஒன்று கிடக்கிறது. போன இலையுதிர் காலத்தில் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், இவருடைய மனம் அந்தக் காணியிலேயே குடியிருந்தது. அங்கே இரண்டு மாடி வீடு. கீழே நாங்கள், மேலே அபிரா குடும்பம் வந்தால் நிற்க. வெளிநாட்டில் இருந்தால் பென்சன் எப்படி வரும் என்று அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அவர்களுடைய பியானோ இசையை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, காத்திருந்த நேரத்தில் பருப்பையும் அவித்து இறக்கினார். அவர்கள் என்னவோ நல்ல பதில்தான் சொன்னார்கள்.

தவம் இப்போது அத்திவாரத்துக்கு நாள் பார்த்துவிட்டார். வருகிற வியாழன் நல்ல நாளாம். அண்ணை ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வெட்டத் தொடங்கலாமாம்.

“நாங்கள் அங்கை போய்க் காலாற இருப்பம்” என்று இவர் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். என் பாடு என்ன என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாலர் பாடசாலையில் எனக்கு இன்னும் சில வருட வேலை இருக்கிறது. அபிராவுக்குப் புரட்டாதியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. ஊருக்குப் போகவும் இரண்டு மூன்று மாதம் நிற்கவும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிரந்தரமாக இருக்கப் போக எனக்கு விருப்பம் இல்லை. கொஞ்சமும் இல்லை.

இதை ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சண்டை. அவர் கேட்கட்டும், சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்காமலே சீமெந்து விலை வரை போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. அத்திவாரம் வெட்டின பிறகு நான் வாய் திறந்தால், வீட்டைக் குழப்புகிறவள் நான்தான் என்று ஆகிவிடும்.

3

அல்பெரோபெல்லோவைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். படத்தில் ஒரு வீடாக இருந்தது, நேரில் மலைச்சரிவு முழுவதும் கூம்பு கூம்பாக நின்றது. சில கூரைகளில் சுண்ணாம்பால் சிலுவை, சூரியன், நட்சத்திரம் எல்லாம் எழுதியிருந்தார்கள். உச்சிக்கு உச்சி கல்லால் ஒரு முடி. இவர் வீதியில் பெட்டியோடு நின்று, “இஞ்சேரும், எல்லாத்துக்கும் கலசம் வைச்சிருக்கிறாங்கள்” என்றார்.

கதவு திறக்கிற திறப்பைத் தந்த பெண் ஆங்கிலம் பேசினாள். பழைய காலத்தில் இந்தப் பகுதிக்கு ஒரு பிரபு இருந்தாராம். புது ஊர் உண்டானால் அரசனுக்கு வரி கட்ட வேண்டும். அதனால், சுண்ணாம்புச் சாந்து வைக்காமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டுங்கள் என்று அந்தப் பிரபு சனங்களுக்குக் கட்டளை போட்டாராம். வரிக்காரன் வருகிறான் என்று தெரிந்தால் கூரையைச் சரித்துவிட்டு, இங்கே வீடே இல்லை என்று கையை விரிக்கலாம். அப்படித்தான் ஊரில் கதை சொல்கிறார்கள் என்றாள்.

இவர் அந்தக் கணமே சுவரோடு ஒட்டிக்கொண்டார். தட்டிப் பார்த்தார், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள நீக்கலை விரலால் தடவினார், வாசல் வளைவில் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்தத் தடித்த சுவர்களுக்குள்ளே போனுக்கு அலைவரிசை கிடைக்காது. அதனால் தவத்தோடு பேச இவர் வெளியே, அந்தக் குறுகிய ஒழுங்கைக்கு வர வேண்டியிருந்தது. கொக்குவில் வீட்டின் மலசலகூடம் எந்தப் பக்கம் வரும் என்பது அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் கேட்டது. விளங்கினது எனக்கு மட்டும்தான்.

“தவம், வடிவாப் பாரும். ஒரு சொட்டுச் சீமெந்து இல்லை. எத்தினை நூறு வருஷமா நிக்குது!” என்று கமராவைக் கூரைப் பக்கம் திருப்பினார்.

“அண்ணை, இதைக் கொக்குவிலிலை ஒருத்தருக்கும் காட்டிப் போடாதேங்கோ. பிறகு எனக்கு ஆர் வேலை தருவினம்?” என்றார் தவம். பிறகு விடாமல், “வியாழன் என்ன மாதிரி அண்ணை? பெடியளுக்குச் சொல்ல வேணும்” என்றார்.

“நாளைக்குச் சொல்லுறன், நாளைக்குச் சொல்லுறன்.”

அன்றைக்கு நான் ரைஸ் குக்கரில் சோறு வைத்தேன். ஆவி கூம்புக்குள் மேலே மேலே போய் உச்சியில் மறைந்தது. நல்ல வீடுதான். அதற்குள் இருந்து சாப்பிட்டுக்கொண்டு, எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். தொடங்க முடியவில்லை.

4

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. இவர் காலையிலேயே குளித்துத் திருநீறு பூசி நின்றார். “இஞ்சை அந்தோனியார் கோயில் ஒண்டு இருக்காம். செவ்வாயும் வந்திருக்கு, போவம்” என்றார்.

நாங்கள் சைவக்காரர். எங்கள் வீட்டுச் சாமி அலுமாரியில் பிள்ளையாரும் முருகனும்தான். ஆனால் அந்தோனியாருக்கும் இலங்கைச் சனத்துக்கும் உள்ள சொந்தம் மதத்துக்குள் அடங்காது. கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் இவர் அந்த நாளில் விமானம் ஏறினார். தப்பி வந்து சேர்ந்ததற்கு இன்றைக்கும் அந்தோனியாரின் நாளான செவ்வாயில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சாப்பிடுவதில்லை.

கோயிலுக்கும் கூம்புக் கூரைதான், மலையுச்சியில் இருக்கிறது என்று திறப்புக்காரப் பெண் சொல்லியிருந்தாள். போனில் வரைபடத்தைப் பாருங்கள் என்றேன். “பஸ் ஓட்டினவனுக்கு வழி சொல்லுறீரோ?” என்றார். ஆகவே நாங்கள் மற்ற மலைக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கடைகள் இல்லை. கொடியில் உடுப்புக் காய்ந்தது, ஒரு பூனை படுத்திருந்தது.

ஒரு பெரிய ட்ரூல்லோவின் கதவு திறந்திருந்தது. உள்ளே, சுவர்மாடத்தில், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தோனியார் நின்றார். பக்கத்தில் சின்ன மின்விளக்கு எரிந்தது. புதுப் பூவும் வைத்திருந்தது.

“இதுதான்” என்றார் இவர். இருவரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனோம். கோயிலென்றாலும் வீடென்றாலும் எங்களுக்கு அதுதான் முறை; நோர்வேக்காரரும் வீட்டுக்குள் சப்பாத்துப் போடாததால் அந்தப் பழக்கம் இன்னும் இறுகிப்போயிருந்தது. கை கூப்பினோம். சிலைக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டில் ஒரு கொத்துத் திறப்பு கிடந்தது.

“துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் எல்லே” என்று இவர் காதுக்குள் சொன்னார். “திறப்பு கிடைச்ச ஆரோ நேர்த்தி வைச்சிருக்கினம்.” தானும் ஒரு ஐந்து யூரோத் தாளை மடித்துத் தட்டில் வைத்தார்.

எனக்கு மூக்கில் ஒரு வாசம் பட்டது. உள்ளிப்பூண்டும் தக்காளியும் எண்ணெயில் வதங்குகிற வாசம். “என்னப்பா, சமைக்கிற மாதிரி இருக்கு?”

“அன்னதானமாக்கும்.”

“மூலையிலை டிவி ஒண்டும் நிக்குது.”

“பிரசங்கம் போட்டுக் காட்டுவினம்.”

எல்லாவற்றுக்கும் இவரிடம் பதில் இருந்தது. டிவிக்கு முன்னால் கிடந்த செருப்பைக் காட்டலாம் என்று நான் வாயெடுக்க, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஒரு மனிதர் வெளியே வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஏப்ரன், கையில் அகப்பை. எங்களைப் பார்த்தார், கூப்பின கையைப் பார்த்தார், தட்டில் கிடந்த காசைப் பார்த்தார், பிறகு வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்தார். நாங்கள் அவருடைய வீட்டு முன் அறையில் நின்று அவருடைய அந்தோனியாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இவர் முதலில் நோர்வேஜிய மொழியில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். அந்த மனிதர் இத்தாலிய மொழியில் என்னவோ சொல்லிவிட்டு, ஒரு யோசனை வந்தவர் போல “தொய்ச்?” என்றார். ஜெர்மன் தெரியுமா என்கிறார். நோர்வேக்கு வர முதல் இவர் சில வருடம் ஜெர்மனியில் இருந்தவர், ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவினவர். அந்தக் காலத்து ஜெர்மன் எங்கே ஒளிந்து கிடந்ததோ தெரியாது, குழாய் திறந்த மாதிரிக் கொட்டத் தொடங்கியது.

அவர் பெயர் வீத்தோ. இளவயதில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய், வேலை செய்து ஓய்வு பெற்று, தகப்பனுடைய இந்த வீட்டைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தவராம். விஷயம் விளங்கியதும் அகப்பையைப் பிடித்தபடியே குலுங்கிச் சிரித்தார். காசை எடுத்து இவருடைய சட்டைப் பைக்குள் திணித்தார். பிறகு மேசையைக் காட்டினார், இருக்கச் சொல்லி. வெறுங்கையோடு வந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது? நான் ஓட்டமும் நடையுமாகப் போய் முறுக்கையும் எள்ளுருண்டையையும் எடுத்து வந்தேன். யாருக்கு என்று தெரியாமல் வாங்கின பலகாரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. நல்லகாலத்துக்குத் தக்காளியில் மச்சம் எதுவும் போட்டிருக்கவில்லை.

5

சாப்பிடும்போது வீத்தோ ஊர் திரும்பின பெருமையைச் சொல்லத் தொடங்கினார். அவர் ஒரு வசனம் சொன்னால் இவர் எனக்கு நாலு வசனம் மொழிபெயர்த்தார்.

“சொந்த மண்ணிலை இருக்கிற சுகம் வேறையாம். கேட்டீரே? வெய்யிலுக்கு வெய்யில், தக்காளிக்குத் தக்காளியாம். காலமை எழும்பினால் ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தேவையில்லையாம். நோவெல்லாம் போட்டுதாம்.”

“நோவு போனதை அவர் சொன்னவரோ, நீங்கள் சேர்த்ததோ?”

“எல்லாம் அவர்தான்.”

கொக்குவில் வீட்டைப் பற்றியும் இவர் சொன்னார் என்று தெரிந்தது. கையால் இரண்டு மாடி கட்டிக் காட்டினார். வீத்தோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு அந்த நல்ல மனிதரில் கோபம் வந்தது. போயும் போயும் இந்த வீட்டுக்குள்தானா நாங்கள் கும்பிடப் போனோம் என்று நினைத்தேன்.

அப்போது வீத்தோ முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். இவர் மொழிபெயர்க்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். வீத்தோ திரும்பவும் கேட்டார், என்னைக் கையால் காட்டி.

“என்ன கேக்கிறார்?”

“ஒண்டுமில்லை. சும்மா.”

“சும்மா கேக்கிறவர் ஏன் ரெண்டாந்தரமும் கேக்கிறார்?”

இவர் வாயைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். “நீரும் விருப்பமோ எண்டு கேக்கிறார்” என்றார் கடைசியில். “அங்கை போய் இருக்க... நீரும் விருப்பமோவாம்.”

எத்தனை வருடமாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. இவர் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் கேட்டது இவர் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

“அவருக்குச் சொல்லுங்கோ” என்றேன். “எனக்கு விருப்பம் இல்லை எண்டு சொல்லுங்கோ. போய் மூண்டு மாசம் நிக்க ஆசை. இருக்கப் போக ஆசை இல்லை. என்ரை பிள்ளை ஒஸ்லோவிலை. பிறக்கப் போற பிள்ளையும் அங்கைதான். என்ரை வேலை, என்ரை சிநேகிதியள் எல்லாம் அங்கை. எனக்கு அதுதான் வீடெண்டு சொல்லுங்கோ.”

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைத்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியவா போகிறது? நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஜெர்மனும் நோர்வேஜிய மொழியும் ஒன்றுவிட்ட சகோதரங்கள்; கவனமாகக் கேட்டால் கொஞ்சம் பிடிபடும். இவர் குரலைத் தாழ்த்தி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ‘இல்லை’ என்ற சொல் வர வேண்டிய இடங்களில் எல்லாம் வந்தது. மூன்று மாதமும் வந்தது. இந்த மனிதனை எனக்கு ஏன் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இனி இதைத்தான் சொல்வேன்.

வீத்தோ மேசையில் அடித்துச் சிரித்தார். மளமளவென்று சொன்னார். இவர் தட்டில் மிஞ்சின தக்காளியை வழித்தார்.

“என்னவாம்?”

“அவரின்ரை மனிசியும் இதையேதான் சொன்னவவாம். ஸ்டுட்கார்ட்டிலை பேரப்பிள்ளையளோடை நிக்கிறாவாம். ஆவணியிலை வருவாவாம்.”

“மிச்ச மாசங்களிலை ஆரோடை கதைக்கிறார்? கேளுங்கோ.”

இவர் கேட்டார். வீத்தோ சிரித்தபடியே சுவர்மாடத்துப் பக்கம் கையைக் காட்டினார். அந்தோனியார் குழந்தையோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

6

திரும்பி வரும்போது உண்மையான அந்தோனியார் கோயிலுக்குப் போனோம். இந்தத் தடவை வரைபடத்தைப் பார்த்துப் போனோம். இவர் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

“இதெல்லாம் கேட்டே சொல்லுறது?”

“ஹம்மர்பெஸ்டுக்கும் கேக்கேல்லை.” கலியாணம் கட்டி நான் வந்து இறங்கினது வட துருவத்துக்குப் பக்கத்தில், இவர் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த ஊரில். கலியாணம் பேசும்போது எங்கள் வீட்டில் அது நோர்வே என்று மட்டும்தான் சொன்னார்கள். இரண்டு மாதம் சூரியன் வராது என்று ஒருவரும் சொல்லவில்லை.

“அது வேலை.”

“ஒஸ்லோவுக்கு மாறி வரவும் கேக்கேல்லை.”

“அது உமக்கு விருப்பமாத்தானே இருந்தது?”

“ஓம், விருப்பம்தான். கேட்டிருந்தால் அப்பவே சொல்லியிருப்பன்.”

இவர் எழும்பிப் போய், சரிந்து நின்ற மெழுகுதிரியை நிமிர்த்திவிட்டு வந்தார். பிறகு, “பசிக்குதோ?” என்று கேட்டார். இப்போதுதானே வீத்தோ வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டோம். கேட்டுப் பழகுகிறார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஒழுங்கையில் நின்று பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது தவம் அழைப்பு எடுத்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணை, நாளைக்கு விடிஞ்சால் வியாழன். வெட்டுவமோ?”

“பொறும் தவம். அக்காட்டைக் கேட்டுச் சொல்லுறன்.”

“அக்காட்டையோ?” என்றார் தவம் அந்தப் பக்கம். இவர் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் வெட்கமோ வெய்யிலோ, சிவந்திருந்தது.

“இஞ்சேரும். கட்டுவமோ, விடுவமோ? நீர் சொல்லும்.”

கேட்காதபோது என்னிடம் எத்தனையோ பதில்கள் தயாராக இருந்தன. கேட்டதும் பெட்டியை நிறுத்தி வைத்தேன். ஒழுங்கையில் அங்குமிங்கும் பார்த்தேன். பிறகு சொன்னேன். “மேல்மாடி வேண்டாம். சின்னதாக் கட்டுங்கோ, குசினி மட்டும் வெளிச்சமா இருக்க வேணும். தை பிறக்கப் போய், சித்திரை வருஷத்தோடை திரும்பி வருவம். குளிருக்கும் தப்பலாம்.” அவ்வளவும் சொன்ன பிறகுதான், நானும் இவரைக் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. “அது என்ரை விருப்பம். உங்களுக்கு அங்கையே இருக்க வேணுமெண்டால் பாவம், நான் மறிக்கேல்லை. நீங்கள் சொல்லுங்கோ, உங்களுக்கு எப்பிடி?”

இவர் போனை வாய்க்குக் கொண்டுபோனார்.

“தவம், மேல்மாடியை விடும். ஒரு அறை, ஒரு குசினி. எங்களுக்கு அது காணும், போதும்.”

“என்ன அண்ணை, பெரிய காணி கிடக்கு. அக்காவுக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டெண்டாலும் ரெண்டு அறை எழுப்புவமே?”

“வேண்டாம்” என்றார் இவர், ஒழுங்கை முழுக்கக் கேட்க. “நாங்கள் ஒண்டாத்தான் வருவம். ஒண்டாத்தான் திரும்பிப் போவம்.”